தண்ணீரில் நாடி 88, தரையில் 104: எது இதயத்துக்குப் பயிற்சி?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 67. ஒன்பது வருடமாக ரத்த அழுத்தம். அதற்கு அம்லோடிபின், மெட்டோபுரோலால் என இரண்டு மாத்திரைகள். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கால் மணி நேரம் தாண்டினாலே வலது முழங்கால் வீங்கிக்கொள்கிறது. மகள் வற்புறுத்தியதால் இரண்டு மாதமாக, வாரம் மூன்று நாள், மார்பளவு நீரில் நின்று செய்யும் உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறீர்கள். நீச்சல் தெரியாது. முழங்கால் சுகமாக இருக்கிறது. ஆனால் மகள் கட்டிவிட்ட கைக்கடிகாரம் நடக்கும்போது நாடித்துடிப்பை 104 என்று காட்டுகிறது. குளத்தில் 88ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. உங்களோடு நடக்கிற தோழி, "தண்ணீரில் மிதப்பதெல்லாம் இதயத்துக்குப் பயிற்சியா?" என்று கேட்டுவிட்டார். நடையைத் தொடர்வதா, குளத்தை நம்புவதா என்பது உங்கள் முதல் கேள்வி. வகுப்பு முடிந்ததும் அடிக்கடி சிறுநீர் வருகிறதே, சிறுநீரகத்தில் ஏதும் கோளாறா என்பது இரண்டாவது. இதயம் பலவீனமான தங்கையையும் அழைத்துப் போகலாமா என்பது மூன்றாவது.

இதய மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். குளத்தை விடாதீர்கள். நடையையும் முழுதாக விட்டுவிடாதீர்கள். அதைத் துண்டு துண்டாக்கிக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தை மட்டும் வகுப்புக்குப் போகும்போது வீட்டில் கழற்றி வைத்துவிடலாம்.

அந்த 88ஐப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். உங்களைப் போல நாடி குறைவாக இருப்பதைப் பார்த்து, "நமக்கு இது பத்தவில்லை" என்று வகுப்பை விட்டு நின்றவர்கள் உண்டு. இன்னும் சிலர் அந்த எண்ணை எப்படியாவது உயர்த்தியே தீருவது என்று மூச்சு முட்டும் அளவுக்குக் குதிக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லாதது.

நீருக்குள் நிற்கும்போது நாலா பக்கமிருந்தும் நீர் உடலை அழுத்துகிறது. ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். ஆகவே பாதத்தில் அதிகமாகவும் மார்பில் குறைவாகவும் அழுத்துகிறது. கால்களிலும் வயிற்றிலும் தேங்கி நிற்கும் ரத்தம் இதனால் மேலே தள்ளப்படுகிறது. கழுத்தளவு நீரில் ஒருவர் சும்மா நின்றாலே ஏறத்தாழ 700 மி.லி. ரத்தம் கூடுதலாக மார்புப் பகுதிக்கு வந்து சேர்கிறது. இதயத்தின் அறைகள் நன்றாக நிரம்புகின்றன. நிரம்பிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான ரத்தத்தை வெளியே அனுப்புகிறது. கழுத்தளவு நீரில் இந்தக் கூடுதல் சுமார் மூன்றில் ஒரு பங்கு. மார்பளவு நீரில் இதைவிடக் குறைவு, ஆனால் உண்டு. ஒரு துடிப்பில் அதிகம் போகிறதென்றால், அதே வேலைக்கு இத்தனை துடிப்பு தேவையில்லை. அதனால்தான் தரையில் செய்யும் அதே அளவு வேலையை நீரில் செய்யும்போது நாடி பத்து, சில நேரம் பதினைந்து துடிப்பு வரை குறைவாகக் காட்டுகிறது. இதயம் சோம்பியிருப்பதாக அதற்கு அர்த்தமில்லை.

இது ஒரு காரணம். உங்கள் விஷயத்தில் இன்னும் இரண்டு இருக்கின்றன. மெட்டோபுரோலால் என்பது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. நாடியை ஏறவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலையே. அதைச் சாப்பிடுகிறவர் நாடியை வைத்துப் பயிற்சியின் கடுமையை அளப்பது தரையிலேயே சரிவராது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் அந்தப் பழைய கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது. அது பெண்களுக்கென்று போட்ட கணக்கும் அல்ல. சிகாகோவில் 5,437 பெண்களைச் சோதித்து 2010இல் வெளியான ஆய்வு, வயதை 0.88ஆல் பெருக்கி 206இலிருந்து கழிக்கச் சொன்னது. அதன்படி உங்களுக்கு உச்ச நாடி சுமார் 147. மெட்டோபுரோலால் சாப்பிடும்போது அந்த 147க்கும் பயன் கிடையாது. மூன்றாவது காரணம் மிகச் சாதாரணமானது: மணிக்கட்டுக்கும் கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை ஒளிக்கும் நடுவே நீர் புகுந்துவிட்டால் அது காட்டும் எண் பல நேரம் தப்பாகத்தான் இருக்கும்.

வேறு எதை வைத்து அளப்பது? மூச்சை வைத்துத்தான். பயிற்சியின் நடுவே பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். எங்கள் பிரிவில் போர்க் அளவுகோல் என்ற ஒன்றையும் பயன்படுத்துகிறோம். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கியது. 6இலிருந்து 20 வரை ஓடும் அந்த அளவுகோலில் 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இனி ஓர் அடிகூட முடியாது என்ற நிலை. உங்களுக்கு 12 முதல் 14 வரை போதும்: "கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கிறது, ஆனால் தொடரலாம்" என்று மனம் சொல்லும் இடம் அது. எண் பிடிக்காவிட்டால் பேச்சுச் சோதனையே போதும்.

தோழி கேட்டதில் ஓர் உண்மையும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நீரில் ஏமாற்றுவது சுலபம். தரையில் நடந்தால் உடம்பின் எடையைத் தூக்கித்தான் ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. மார்பளவு நீரில் காலில் இறங்குவது எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், இடுப்பளவில் பாதி. முழங்காலுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் மெதுவாக அசைந்துகொண்டு கதை பேசினால் ஒரு மணி நேரம் நின்றாலும் இதயத்துக்கு வேலையே இருக்காது. நீரின் தடை உங்கள் வேகத்தைப் பொறுத்தது. கையையோ காலையோ இரண்டு மடங்கு வேகமாக இழுத்தால் தடை நான்கு மடங்காகிறது. அதாவது நீர் ஒரு மாதிரியான பளு. எவ்வளவு கனம் என்பதை நீங்களே முடிவு செய்கிறீர்கள்.

அடுத்த வகுப்பில் உங்களையே கொஞ்சம் கவனியுங்கள். நீரில் நடக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் முதலில் விரல்நுனியில் எம்பி எம்பிப் போகிறார்கள்; குதிகால் தரையைத் தொடுவதே இல்லை. கைகள் இரண்டும் நீருக்கு மேலே, ஏதோ நனைந்துவிடக் கூடாது என்பதுபோல உயர்ந்து நிற்கும். தோள்கள் காதுவரை ஏறியிருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார்கள், கேட்டால் இல்லை என்பார்கள். இப்படி நடந்தால் தொடைக்கு வேலை குறைவு, கழுத்துதான் வலிக்கும். குதிகாலை முதலில் ஊன்றுங்கள். கைகளை நீருக்குள் இறக்கி, விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையால் நீரைப் பின்னால் தள்ளுங்கள். முன்னால் பத்து அடி, பின்னால் பத்து அடி, பக்கவாட்டில் பத்து அடி. பின்னோக்கி நடக்கும்போது கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில் இருங்கள். சரியாகச் செய்தால் இரண்டே நிமிடத்தில் மூச்சின் வேகம் மாறும். மாறினால் உங்கள் வகுப்பு இதயப் பயிற்சிதான். அந்தத் தோழியையும் ஒருநாள் கூப்பிட்டு அதே நடையை நடக்கச் சொல்லுங்கள்.

கைகளைத் தலைக்கு மேல் ஆட்டும் பயிற்சிகள் சில வகுப்புகளில் நிறைய வரும். அவை நாடியை ஏற்றிக் காட்டும். ஏற்றம் முழுவதும் உழைப்பால் வந்தது என்று நம்பிவிட வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அவற்றைக் குறைவாகச் செய்வதே நல்லது.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நீரா, தரையா என்று நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தவை அதிகமில்லை; இருப்பவையும் ஒரே குரலில் பேசவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், அதுவரை உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 50 முதல் 70 வயதுப் பெண்கள் 116 பேரை இரண்டாகப் பிரித்து, ஆறு மாதம் ஒரு பகுதியினரை நடக்க வைத்தார்கள், மற்றவர்களை நீந்த வைத்தார்கள். 2006இல் வெளியான முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது: நடந்தவர்களோடு ஒப்பிட்டால் நீந்தியவர்களின் மேல் அழுத்தம் (ரத்த அழுத்தத்தில் முதலில் சொல்லும் எண்) நான்கு புள்ளிக்குக் கொஞ்சம் அதிகமாக ஏறியிருந்தது. அதே பெண்களை ஒரு வருட முடிவில் பார்த்தபோது, எடையும் கெட்ட கொழுப்பும் நீந்தியவர்களிடம்தான் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 50 வயதைத் தாண்டிய 43 பேரை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில் (2012) மூன்று மாத நீச்சலுக்குப் பிறகு மேல் அழுத்தம் சராசரியாக 131இலிருந்து 122க்கு இறங்கியது. பிரேசிலில், பல மாத்திரைகள் சாப்பிட்டும் அழுத்தம் அடங்காத 32 பேரில் ஒரு பாதியினரை 32 டிகிரி வெதுவெதுப்பான குளத்தில் வாரம் மூன்று முறை, 12 வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். அவர்களின் 24 மணி நேரச் சராசரி மேல் அழுத்தம் 137இலிருந்து 120 ஆனது. பெரிய இறக்கம்தான். ஆனால் அங்கே எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் நடந்தவர்கள் அல்லர். பயிற்சி எதுவும் சேர்க்காமல் வழக்கம்போல இருந்தவர்கள். டெக்சாஸ் ஆய்விலும் எதிர்த்தரப்பு தசைத் தளர்வுப் பயிற்சி மட்டும் செய்தது. எனவே "நீர் தரையை வென்றது" என்று இவற்றை வைத்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீர்ப்பயிற்சி சும்மா இருப்பதை வென்றது. அவ்வளவுதான் சொல்ல முடியும், அதுவே போதுமானது.

இந்த ஆய்வுகளை வைத்து நான் எடுக்கும் முடிவு இது. பெர்த் பெண்கள் செய்தது நீச்சல், நீங்கள் செய்வது நின்ற நிலையில் நீர்ப்பயிற்சி. நீச்சல் வேறு ஜாதி. படுத்த வாக்கில் இருக்கிறோம், மூச்சை முறைவைத்து விடுகிறோம், கையால் இழுக்கிறோம். நன்றாக நீந்தத் தெரியாதவர் ஒரு குளத்தின் நீளத்தைக் கடக்கச் செலவிடும் சக்தி, தெரிந்தவர் செலவிடுவதைப் போலப் பல மடங்கு. அந்த உழைப்பை மிதமாக வைத்திருக்கவும் அவரால் முடியாது. 67 வயதில், அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை சாப்பிடும்போது, இதயத்தின் நன்மைக்காக என்று புதிதாக நீச்சல் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஆசைக்காகக் கற்றுக்கொள்வதென்றால் அது வேறு. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். இதயத்துக்கு நின்று செய்யும் பயிற்சியே போதும்.

நடையின் பக்கம் ஆதாரம் அதிகம், அதையும் மறைக்கக் கூடாது. மாதவிடாய் நின்ற 73,743 பெண்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு 2002இல் வெளியானது: விறுவிறுப்பான நடையும் கடுமையான உடற்பயிற்சியும் இதயநோய் அபாயத்தை ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்திருந்தன. சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களின் இடுப்பில் கருவி கட்டி அடிகளை எண்ணிய ஆய்வு 2019இல் வந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. அடிகள் கூடக்கூட நன்மையும் கூடி, 7,500 வாக்கில் நின்றுவிட்டது. எல்லோரும் சொல்லும் அந்தப் பத்தாயிரம், 1960களில் ஜப்பானில் விற்ற ஒரு நடையளவுக் கருவியோடு பிரபலமான எண், ஆய்விலிருந்து பிறந்ததல்ல. உங்கள் முழங்காலுக்கு 4,400 எட்டக்கூடிய இலக்கு. அதுவும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலிலும் பழைய "ஒரே தடவையில் பத்து நிமிடமாவது" என்ற நிபந்தனை கிடையாது. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாளாவது உடலின் சமநிலைக்கான பயிற்சி. நீரா தரையா என்று அது கேட்கவில்லை.

தரையை முழுதாகக் கைவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதயம் மட்டும் காரணமில்லை. எலும்புக்கு எடை தாங்க வேண்டும். நீரில் மிதக்கும் எலும்புக்கு அந்த வேலை குறைந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சமநிலையும் அப்படித்தான். நீரில் தடுமாறினால் நீரே தாங்கிக்கொள்ளும். படிக்கட்டில் அப்படி எதுவும் தாங்காது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துவிட்டால், இதயத்துக்காகச் சேர்த்ததெல்லாம் கரைந்துபோகும்.

ஆகவே உங்கள் வாரத்தை இப்படிப் போட்டுக்கொள்ளலாம். இப்போது போகும் மூன்று நாள் குள வகுப்பும் அப்படியே இருக்கட்டும். அதில் அரை மணி நேரமாவது பேச்சுச் சோதனையின்படி சரியான வேகத்தில் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் எட்டு நிமிட நடை, ஒரு நாளில் மூன்று முறை. முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். உங்களுக்குக் கால் மணி நேரத்தில் வீங்குகிறது என்பதால்தான் எட்டு என்கிறேன், அதில் மந்திரம் ஒன்றுமில்லை. மூன்று வாரம் வீக்கமில்லாமல் ஓடினால் பத்தாக்கலாம். வாரத்தில் இரண்டு நாள், கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். எட்டு முறை, இளைப்பாறி இன்னொரு எட்டு முறை. எழும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். மூச்சடக்கி முக்கினால் அந்த நொடியில் ரத்த அழுத்தம் விருட்டென்று ஏறும். பல் துலக்கும்போது மேடையை ஒரு விரலால் தொட்டபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். இது சமநிலைக்கு.

உட்கார்ந்து எழும்போது முழங்காலில் சுருக்கென்று வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு செய்வதில் வீரம் எதுவும் இல்லை.

இனி சிறுநீர். இதைக் கேட்கத் தயங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டியதே இல்லை. முன்பு சொன்னேனே, நீர் அழுத்தி மேலே தள்ளும் ரத்தம், அதை இதயத்தின் மேலறைகள் உணர்கின்றன. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று அவை எடுத்துக்கொண்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றத் தொடங்குகிறது. ஆரோக்கியமான உடம்பின் வழக்கமான செயல் இது. வகுப்பு நாட்களில் கணுக்கால் வீக்கம் வடிந்திருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதற்கும் இதே காரணம்தான். அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்குக் கணுக்கால் வீங்குவது பரவலான பக்கவிளைவு. நீரின் அழுத்தம் அதைப் பிழிந்து மேலேற்றுகிறது. வீக்கம் அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றித்தர வழி உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம். குறிப்பாக மெட்டோபுரோலாலைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வகுப்பு நாட்களில் அவசரத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டிருக்கிறது, வியர்வையும் வருகிறது. நீரில் நிற்பதால் வியர்ப்பது தெரியாது, அவ்வளவே. முன்பு ஒரு டம்ளர், முடிந்ததும் ஒரு டம்ளர்.

இதோடு சேர்ந்து வருவதுதான் நான் மிகவும் கவலைப்படும் அந்த ஒரு நிமிடம். குளத்தில் இருக்கும்போது பெரும்பாலும் எதுவும் ஆகாது. ஏணியில் ஏறி வெளியே வரும்போதுதான் ஆகும். அதுவரை கால்களை அழுத்திப் பிடித்திருந்த நீர் சட்டென்று விலகுகிறது. ரத்தம் கால்களுக்கு இறங்குகிறது. வெதுவெதுப்பான நீரில் ரத்தநாளங்கள் ஏற்கெனவே விரிந்திருக்கின்றன. மாத்திரையும் அதையே செய்கிறது. மெட்டோபுரோலால் நாடியை விரைந்து ஏறவிடாது. எல்லாம் ஒன்றுசேர்ந்தால் கண் இருட்டும். ஈரத் தரையில் கண் இருட்டினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து, ஆழம் குறைந்த பக்கமாக நடந்து வாருங்கள். இடுப்பளவில் ஒரு நிமிடம், முழங்காலளவில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஏணியைவிடப் படிக்கட்டு நல்லது. வெளியே வந்ததும் உட்கார்ந்துவிடுங்கள். மற்றவர்கள் உடை மாற்ற ஓடட்டும். உடனே கொதிக்கும் சுடுநீரில் நின்று குளிப்பதைத் தவிருங்கள், ரத்தநாளங்கள் இன்னும் விரியும்.

குளத்து நீரின் வெப்பநிலையைப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். உங்களுக்கு 28 முதல் 31 டிகிரி வரை இருந்தால் நல்லது. அதற்குமேல், 34, 35 என்று போனால் மூட்டுக்கு இதமாக இருக்கும். ஆனால் வேகமாகப் பயிற்சி செய்ய ஏற்றதல்ல, உடம்பு சூடேறிவிடும். குளிர்ந்த நீரிலும் எச்சரிக்கை வேண்டும். ரத்தநாளங்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். எப்போதுமே காலை முதலில் நனைத்து, மெதுவாக இறங்குங்கள்.

வகுப்புக்குப் போகக் கூடாத நாட்களும் உண்டு. காலையில் பார்க்கும் அழுத்தம் 180/110ஐத் தொட்டிருந்தால், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால், ஆறாத புண் இருந்தால் போகாதீர்கள். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, இதயம் தாறுமாறாக அடிப்பது போன்ற உணர்வு ஏதாவது வந்தால் உடனே கையைத் தூக்கி அழைத்து வெளியே வாருங்கள். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்று நினைத்திருக்கிறோம். பெண்களிடம் அது பல நேரம் தாடை வலியாக, முதுகு வலியாக, குமட்டலாக, இனம் புரியாத அசதியாக வருகிறது. "வாயுவாக இருக்கும்" என்று அடுத்த நாள்வரை காத்திருக்கும் பழக்கம்தான் பெண்களைக் கொல்கிறது. பெண்களின் இறப்புக் காரணங்களில் இதயமும் ரத்தநாளமும் சார்ந்த நோய்கள்தான் உலக அளவில் முதலிடம் என்பதை உங்கள் மகளுக்கும் சொல்லிவையுங்கள்.

இரண்டு மாதம் ஆகிவிட்டதே, அழுத்தம் இறங்கவில்லையே என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். நான் சொன்ன ஆய்வுகள் எல்லாமே 12 வாரமோ அதற்கு மேலோ நடந்தவை. அளக்கும் முறையையும் சரிசெய்யுங்கள். வகுப்பு முடிந்த கையோடு பார்த்தால் எண் குறைவாகத்தான் இருக்கும். பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் அழுத்தம் தணிந்திருப்பது இயல்பு. அதைப் பார்த்து மகிழ்வதும், மறுநாள் ஏறியதைப் பார்த்து வருந்துவதும் வீண். வாரத்தில் மூன்று நாள், காலையில், மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு இரண்டு முறை அளந்து எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பேட்டை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்று முடிவு செய்ய அவருக்கு அது உதவும்.

கடைசியாக உங்கள் தங்கை. இதற்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம் என்பதே. அவருடைய இதயம் பம்ப் செய்யும் திறன் எக்கோவில் (இதய ஸ்கேனில்) 35 சதவீதம் என்றும், இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது செய்திதான் என்னைத் தடுக்கிறது. படுக்கும்போது மூச்சு முட்டுகிறதென்றால், கால்களிலிருந்து திரும்பி வரும் ரத்தத்தையே அந்த இதயத்தால் சமாளிக்க முடியவில்லை. மார்பளவு நீர் அதே வேலையை இன்னும் வலுவாகச் செய்யும். உங்கள் இதயத்துக்கு நல்ல பயிற்சியாக இருக்கும் அந்தக் கூடுதல் ரத்தம், அவருடைய நுரையீரலில் நீர் கோர்க்கக் காரணமாகிவிடலாம்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் குளத்தில் இறங்கவே கூடாது என்றில்லை. நோய் கட்டுக்குள் வந்து நிலையாக இருக்கும்போது, மேற்பார்வையில், இடுப்பளவு நீரில் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தங்கை முதலில் இதய மருத்துவரைப் பார்த்து மூச்சுத்திணறலுக்கு மாத்திரையைச் சரிசெய்துகொள்ளட்டும். தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள், அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். மருத்துவர் அனுமதித்த பிறகு, தரையில், மறுவாழ்வுப் பிரிவின் நிலையான சைக்கிளில் தொடங்கலாம். அங்கே நாடியையும் அழுத்தத்தையும் கவனிக்க ஆள் இருப்பார்கள். ஒற்றைத் தலையணையில் நிம்மதியாகத் தூங்கும் நிலை வந்து, சில வாரம் அப்படியே நீடித்தால், குளத்தைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கும்போது "தண்ணீரில் உடற்பயிற்சி" என்று பொதுவாகச் சொல்லாமல், நீர் எந்த அளவு ஆழம், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.